நம்பிக்கையான புரோகிராமை அன்ரிவைரஸ் மறித்தால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய புரோகிராம். இன்று காலை கணினியைப் போட்டதும் திரையின் வலது மூலையில் 'த்ரெட்ஸ் ஃபவுண்ட்' என்று ஒரு பெட்டி எழும்புகிறது. டெஸ்க்டொப்பில் இருந்த ஐக்கன் வெறும் வெள்ளைத் தாளாகி நிற்கிறது. இந்த இடத்தில் பாதிப் பேர், "எப்பவும் பாவிக்கிறதுதானே, ஒண்டும் செய்யாது" என்று உடனே அனுமதி கொடுத்துவிடுவார்கள். மீதிப் பேர் பயந்துபோய் புரோகிராமையும் அதன் போல்டரையும் அழித்துவிடுவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பிறகு வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் கணினியில் இருக்கும் இந்தப் பைல், அந்தப் புரோகிராமைச் செய்தவர் வெளியிட்ட அதே பைலா? புரோகிராம் நல்லது என்பதால் பைலும் நல்லது என்று ஆகிவிடாது. பெயர் பெற்ற கடையின் பைக்குள் வேறு கடைச் சாமான் இருக்கலாம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடுகிற படிகள்.

உதாரணமாகத் தமிழ் விசைப்பலகைப் புரோகிராம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் போட்டோக்கொப்பிக் கடைகளிலும் அச்சகங்களிலும் அதிகம் மாட்டுப்படுவது அதுதான். காரணம் இருக்கிறது. நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் வேர்ட் பார்ப்பதற்கு முன் அது பிடித்து, தமிழ் எழுத்தாக மாற்றிக் கொடுக்க வேண்டும். கடவுச்சொல் திருடும் கீலொக்கரும் விசைகளை அதே வழியில்தான் பிடிக்கிறது. அதோடு விண்டோஸ் தொடங்கும்போதே தானும் தொடங்கி, கடிகாரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும். இலவசமாகச் செய்து கொடுப்பவர்கள், பைல் தங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்துக்கு வருடா வருடம் பணம் கட்டுவதும் அரிது. அன்ரிவைரஸின் பக்கம் நின்று பார்த்தால் சந்தேகப்படுவது நியாயம்தான்.

விண்டோஸ் 10, 11-உடன் வரும் மைக்ரோசொப்ட் டிபெண்டரை வைத்து எழுதுகிறேன். வேறு அன்ரிவைரஸ் என்றால் மெனுப் பெயர்கள் மாறும், வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு போன். திரையைப் படம் எடுக்கவும், சந்தேகத்துக்குரிய கணினியைத் தொடாமல் வெளியில் தேடிப் பார்க்கவும் அது வேண்டும்.

அந்தக் கணினியின் அட்மின் கடவுச்சொல். கடைகளில் இது பெரிய சிக்கல். கணினியைப் பொருத்தித் தந்த பெடியன் கொழும்புக்கோ கனடாவுக்கோ போயிருப்பான், கடவுச்சொல்லும் அவனோடு போயிருக்கும். பாதி வழியில் போய் நிற்காமல் முதலே கேட்டு வையுங்கள்.

செவன்-ஸிப். இலவசப் புரோகிராம், அதன் சொந்த வெப்சைற்றிலிருந்து இறக்குங்கள். பைலின் ஹாஷ் (கைரேகை போன்ற ஓர் அடையாளம்) பார்க்க 6ஆம் படியில் தேவைப்படும்.

அரை மணித்தியாலம் அவசரமில்லாத நேரம். இதைச் சும்மா சொல்லவில்லை. இரவு அச்சுக்குப் போக வேண்டிய கல்வெட்டு (இறந்தவரின் நினைவு மலர்) ஒன்று மேசையில் கிடக்க, 31ஆம் நாள் வீட்டுக்காரர் வாசலில் நிற்க, வருகிற எச்சரிக்கைக்கு எவரும் நிதானமாக முடிவெடுப்பதில்லை. ஆகவே முதலில் வேலைக்கு வேறு வழி பாருங்கள்.

பாமினி எழுத்துருவில் அடிப்பவருக்கு விசைப்பலகைப் புரோகிராம் தேவையே இல்லை. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துரு அது. பேஜ்மேக்கர் வேலை அப்படியே தொடரலாம். யூனிகோட்டில் அடிப்பவர் என்றால், விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்து தமிழ் 99, தமிழ் அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸோடு சேர்ந்தே வருகின்றன. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளில் வேண்டியதைத் தெரிவு செய்யுங்கள். பாமினி விசை ஒழுங்கில் யூனிகோட் அடித்துப் பழகிய கைக்கு முதல் நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை முடிக்கலாம்.

2. எச்சரிப்பது யார் என்று பாருங்கள்

வலது மூலையில் எழும்பும் பெட்டி எல்லாம் அன்ரிவைரஸிலிருந்து வருவதில்லை. ஏதோ ஒரு வெப்சைற் "நோட்டிபிகேஷன் அனுப்பலாமா" என்று கேட்டபோது யாரோ 'அலவ்' அழுத்தியிருப்பார்கள். அதன் பிறகு குரோம் வழியாக "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று மணிக்கு ஒரு தரம் பெட்டி வரும். அன்ரிவைரஸ் கம்பனியின் சின்னத்தையும் போட்டிருப்பார்கள். பெட்டியை உற்றுப் பாருங்கள்: குரோமின் பெயரும் ஒரு வெப்சைற் முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும். இருந்தால் அது விளம்பரம். குரோம் செட்டிங்ஸில் 'சைற் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்' போய் அந்த முகவரியை நீக்கிவிடுங்கள்.

முழுத் திரையையும் மூடி, அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் காட்டினால் அது மோசடி. மைக்ரோசொப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது.

உண்மையான எச்சரிக்கை என்றால் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' உள்ளே 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி'யில் அது பதிவாகியிருக்கும். அங்கே ஒன்றும் இல்லையா? வேறு அன்ரிவைரஸ் இருக்கிறதா என்று பாருங்கள். புது லப்டொப்களில் சில மாத இலவசப் பதிப்பு ஒன்று ஏற்கெனவே ஏற்றி வரும். அது இருந்தால் டிபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். யார் மறித்தார் என்று தெரியாமல் டிபெண்டரில் எத்தனை விலக்கு ("இதைப் பார்க்காதே" என்ற அனுமதி) கொடுத்தாலும் பயனில்லை. இதில் மணிக்கணக்கை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. எந்த வகை மறிப்பு என்று பிரியுங்கள்

எல்லா மறிப்பும் 'வைரஸ்' என்று சொல்வதில்லை. வகையைப் பொறுத்துத்தான் மருந்து.

நீல நிறப் பெட்டியில் 'விண்டோஸ் புரொடெக்டெட் யுவர் பிசி' என்று வந்தால் அது ஸ்மார்ட்ஸ்கிரீன். "இந்தப் பைலை அதிகம் பேர் இறக்கவில்லை, செய்தவரை எனக்குத் தெரியாது" என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். புதிதாக வெளியான சின்னப் புரோகிராம்கள் பலவற்றுக்கும் இது வரும். 'மோர் இன்ஃபோ' அழுத்தினால் 'ரன் எனிவே' தெரியும்; ஆனால் 5, 6 ஆம் படிகளை முடித்த பிறகு அழுத்துங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பிரவுசர் வழியாக இறக்கும் பைல்மீது "இது இன்ரநெற்றிலிருந்து வந்தது" என்று விண்டோஸ் ஒரு மறைவான குறி வைக்கிறது. ஸ்மார்ட்ஸ்கிரீன் அந்தக் குறியைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கும். பென்ட்ரைவ்கள் பெரும்பாலும் ஃபாட்32 அல்லது எக்ஸ்ஃபாட் முறையில் இருப்பதால், பைல் அதில் ஏறி இறங்கும்போது குறி விழுந்துவிடும். ஆக, "பக்கத்துக் கடையில் பென்ட்ரைவில் வாங்கினேன், எச்சரிக்கையே வரவில்லை, இதுதான் நல்ல கொப்பி" என்பது தலைகீழான முடிவு.

புரோகிராம் திறக்கிறது, ஆனால் டொகியூமென்ட்ஸ் போல்டரில் சேமிக்க முடியவில்லை என்றால் 'கண்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்செஸ்' போடப்பட்டிருக்கலாம். பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயாருக்கு எதிரான காவல் இது. தானாக ஓனில் இருப்பதில்லை, யாரோ போட்டிருப்பார்கள். அதை முழுதாக நிறுத்தாமல், அதற்குள்ளேயே அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

ஃபயர்வோல் கேட்டால், அந்தப் புரோகிராமுக்கு வெளித்தொடர்பு எதற்கு என்று யோசியுங்கள். தமிழ் விசைப்பலகைக்கு வெளியிலிருந்து இணைப்பு வரத் தேவையே இல்லை. 'கான்சல்' அழுத்துங்கள், ரைப்பிங் வேலை அப்படியே நடக்கும்.

விண்டோஸ் 11-இல் 'ஸ்மார்ட் அப் கண்ட்ரோல்' மறித்தால், அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வழியில்லை. கையொப்பமுள்ள பதிப்பைத் தேடுங்கள், அல்லது விண்டோஸின் சொந்த விசைப்பலகைக்கு மாறுங்கள். ஒரு சின்னப் புரோகிராமுக்காக அந்தக் காவலை முழுதாக நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

ஸ்மார்ட்ஸ்கிரீனுக்குச் சொன்ன 5, 6ஆம் படிகளைத் தவிர, டிபெண்டர் பைலைத் தூக்கி குவாரண்டைனில் (தனியே பூட்டி வைக்கும் இடத்தில்) போட்டிருந்தால்தான் இனி வரும் படிகள் எல்லாம் தேவை.

4. பெயரையும் இடத்தையும் வாசியுங்கள்

ஹிஸ்டரியில் அந்த வரியைத் திறந்து 'அஃபெக்டெட் ஐட்டம்ஸ்' தெரியும்வரை இறக்கி, போனில் படம் எடுங்கள். பிறகு அந்த வரி மறைந்தாலும் படம் இருக்கும்.

முதலில் இடம். 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே, நீங்கள் ஏற்றிய போல்டரிலேயே இருக்கிறதா? அல்லது 'டெம்ப்', 'அப்டேட்டா', 'டவுன்லோட்ஸ்' போன்ற இடத்தில் அதே பெயரோடு இன்னொன்று இருக்கிறதா? தெரிந்த பெயர், தெரியாத இடம் என்றால் சந்தேகம் கூட வேண்டும். இன்னொரு பொறி: வேர்ட் திறந்தபோது எச்சரிக்கை வந்தால் ஆட்கள் "வேர்ட்டை வைரஸ் என்கிறது" என்பார்கள். இடத்தை வாசித்தால், மாட்டுப்பட்டது மின்னஞ்சலில் வந்த டொகியூமென்ட் என்று தெரியும். அப்படியானால் வேர்ட்டுக்கு விலக்குக் கொடுப்பது கள்ளனுக்குக் கதவு திறப்பதுதான்.

அடுத்து வைரஸின் பெயர். மைக்ரோசொப்டின் பெயர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு: வகை, தளம், குடும்பம், கடைசியில் ஒரு வால். 'ட்ரோஜன்:வின்32/வக்காட்டாக்.பி!எம்எல்' என்பதை எடுங்கள். கடைசியில் நிற்கும் '!எம்எல்' என்பது, பைலின் தோற்றத்தை வைத்து இயந்திரக் கற்றல் ஊகித்த முடிவு என்பதன் அடையாளம். தவறான எச்சரிக்கைகளில் இந்த வால் அடிக்கடி வரும். அதற்காக '!எம்எல்' எல்லாம் பொய் என்று எடுக்கக் கூடாது. உண்மையான திருட்டுப் புரோகிராம்களும் இதே பெயரில் பிடிபடுகின்றன.

'பியூஏ' என்று தொடங்கினால், வைரஸ் அல்ல, வேண்டாத சாமான்: இன்ஸ்டோலரோடு ஒட்டி வரும் ரூல்பார், விளம்பரப் புரோகிராம் போன்றவை. புரோகிராமைச் செய்தவரின் சொந்த வெப்சைற்றிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் இது போய்விடும்.

'ஹக்டூல்:வின்32/ஆட்டோகேஎம்எஸ்' என்றால் ஒபிஸ் அல்லது விண்டோஸைக் காசில்லாமல் திறக்கும் கருவி. இது தவறான எச்சரிக்கை அல்ல, சொன்னது சரி. "ஏற்றும் முன் அன்ரிவைரஸை நிறுத்தவும்" என்று எழுதி வரும் எந்தப் புரோகிராமையும் இந்த வழிகாட்டியின் 'நம்பிக்கையான' பட்டியலில் நான் சேர்க்கவில்லை. எங்கள் பக்கத்துக் கணினிகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதை வைத்துக்கொண்டு மற்ற எச்சரிக்கைகளை ஆராய்வது வீண்வேலை.

'வைரஸ்:வின்32' என்று தொடங்கி 'சாலிட்டி', 'ராம்னிட்' போன்ற குடும்பப் பெயர் வந்தால் நின்றுவிடுங்கள். இவை நல்ல புரோகிராமின் பைலுக்குள்ளேயே தம்மைச் செருகிக்கொள்பவை. உங்கள் புரோகிராம் நல்லதுதான், ஆனால் கணினியில் இருக்கும் கொப்பி கெட்டுவிட்டது. ஒரே நாளில் தொடர்பில்லாத ஐந்தாறு புரோகிராம்கள் இப்படி மாட்டினால் சந்தேகமே வேண்டாம். நேரே 9ஆம் படிக்குப் போங்கள்.

5. பைல் எங்கிருந்து வந்தது

இந்தக் கேள்விக்கு "தெரியாது" என்பது விடையானால், ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பழையதை நீக்கி, செய்தவரின் வெப்சைற்றிலிருந்து புதிதாக இறக்குவதே சுருக்கமான வழி. பென்ட்ரைவில் கடை கடையாகச் சுற்றிய 'செட்டப்' பைலை ஆராய்ந்து நிரூபிப்பதற்குள் புதிதை மூன்று தரம் இறக்கிவிடலாம்.

இறக்கும்போது தேடலின் முதல் வரியை அழுத்தாதீர்கள். மேலே வருவது விளம்பரமாக இருக்கும்; பெயர் பெற்ற இலவசப் புரோகிராம்களின் போலி வெப்சைற்களை விளம்பரமாகப் போடுவது பழைய தந்திரம். புரோகிராமின் 'அபவுட்' பெட்டியிலோ உதவிப் பக்கத்திலோ உள்ள முகவரியை எழுத்தெழுத்தாக அடித்துப் போங்கள். பெரிய பச்சை 'டவுன்லோட்' பட்டன் மூன்று இருந்தால் மூன்றுமே விளம்பரமாக இருக்க வாய்ப்பு உண்டு.

6. கையொப்பமும் ஹாஷும்

டிபெண்டர் பைலைத் தூக்கிவிட்டதால் அந்தப் பைலில் இதைப் பார்க்க முடியாது. புதிதாக இறக்கிய இன்ஸ்டோலரில் பாருங்கள், இன்னும் ஓடவிடாமல்.

பைலில் வலது கிளிக், 'புரொப்பர்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்'. அந்தப் பகுதியே இல்லாவிட்டால் கையொப்பம் இல்லை. சின்ன இலவசப் புரோகிராம்களுக்கு இது சாதாரணம், குற்றம் அல்ல. இருந்தால் பெயரைத் தெரிவு செய்து 'டீற்றெயில்ஸ்' அழுத்துங்கள். கையொப்பம் 'ஓகே' என்று வர வேண்டும், பெயரும் செய்தவரின் பெயராக இருக்க வேண்டும். பெயரைப் பார்க்காமல் 'ஓகே'யை மட்டும் பார்க்கிறவர்கள் அதிகம். யாரோ ஒருவரின் கையொப்பமும் 'ஓகே' ஆகத்தான் வரும். கையொப்பம் இருந்தும் செல்லாது என்று வந்தால், கையொப்பமிட்ட பிறகு பைல் மாறியிருக்கலாம். அழியுங்கள்.

ஹாஷ் என்பது பைலின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கிட்டு வரும் 64 எழுத்து நீள அடையாளம். பைலில் ஒரு எழுத்து மாறினாலும் அடையாளம் முழுதாக மாறும். செவன்-ஸிப் ஏற்றியிருந்தால் வலது கிளிக்கில் 'சிஆர்சி எஸ்எச்ஏ' என்ற வரி இருக்கும் (விண்டோஸ் 11-இல் 'ஷோ மோர் ஒப்ஷன்ஸ்' அழுத்தினால் தெரியலாம்), அதற்குள் 'எஸ்எச்ஏ-256'. செய்தவர் வெப்சைற்றில் ஹாஷ் போட்டிருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். கண்ணால் முழுதையும் பார்க்கத் தேவையில்லை: முதல் எட்டும் கடைசி எட்டும் ஒத்தால், தற்செயலாகக் கெட்ட பைலா என்பதற்கு அது போதும். போலியா என்று பார்க்கும்போது முழுதையும் கொப்பி எடுத்து, ஒன்றன் கீழ் ஒன்றாக நோட்பாட்டில் ஒட்டிப் பாருங்கள்.

ஹாஷும் பைலும் ஒரே வெப்சைற்றில் இருந்தால், வெப்சைற்றைப் பிடித்தவன் இரண்டையும் மாற்றலாம். கையொப்பத்துக்கும் எல்லை உண்டு. 2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் என்ற தொலைபேசிப் புரோகிராமின் டெஸ்க்டொப் பதிப்புக்குள், செய்தவர்களின் சொந்தத் தயாரிப்பு வழியிலேயே கெட்ட நிரல் புகுத்தப்பட்டது. கையொப்பம் சரி, வந்த இடமும் சரி. பாதுகாப்புப் புரோகிராம்கள் எச்சரித்தபோது பலர் "தவறான எச்சரிக்கை" என்று தள்ளிவிட்டார்கள். 2017-இல் சிகிளீனர் என்ற துப்புரவுப் புரோகிராமின் 5.33 பதிப்பும் இப்படித்தான் சரியான கையொப்பத்தோடேயே கெட்டு வந்தது. அதனால்தான் அடுத்த படி.

7. இரண்டாம் அபிப்பிராயம்: வைரஸ்டோட்டல்

வைரஸ்டோட்டல் வெப்சைற் ஒரு பைலை எழுபதளவு அன்ரிவைரஸ் இயந்திரங்களிடம் காட்டி முடிவைச் சொல்கிறது. முதலில் பைலை ஏற்றாமல், ஹாஷை மட்டும் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். யாராவது முன்பே ஏற்றியிருந்தால் முடிவு உடனே வரும், டேட்டாவும் மிச்சம்.

வாடிக்கையாளர் தந்த டொகியூமென்ட், அடையாள அட்டைப் படம், பாங்க் கடிதம் எதையும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றும் பைல்கள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். புரோகிராம் இன்ஸ்டோலர் பொதுச் சொத்து, அதனால் பாதகமில்லை.

முடிவை வாசிப்பதில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். எழுபதில் மூன்று சிவப்பு ("கெட்டது" என்ற முடிவு) என்றால் என்ன பெயர்கள் என்று பாருங்கள்: 'ஜெனரிக்', 'ஹியூர்', 'சஸ்பிஷஸ்', 'ஏஐ' போன்ற பொதுப் பெயர்களா, அல்லது மூன்றும் ஒரே குடும்பப் பெயரைச் சொல்கின்றனவா? பொதுப் பெயர்கள் ஊகம். ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அது அடையாளம் கண்டது.

ஆறு சிவப்பு என்றாலும் ஆறு அபிப்பிராயம் என்று அர்த்தமில்லை. பிட்டிஃபெண்டர் என்ற இன்னொரு அன்ரிவைரஸின் இயந்திரத்தை வேறு பல கம்பனிகள் வாங்கித் தங்கள் பெயரில் பாவிக்கின்றன. ஒரே பெயர், ஒரே எண், எழுத்துப் பிசகாமல் ஐந்து இடத்தில் நின்றால் அது பெரும்பாலும் ஒரு வாய் சொன்ன சொல்.

இனி 'டீற்றெயில்ஸ்' பகுதியில் 'ஃபர்ஸ்ட் சப்மிஷன்' தேதி. இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கோ இதுதான் பெரிய சாட்சி. இரண்டு வருடத்துக்கு முன் வெளியான பதிப்பு என்று சொல்லப்படும் பைலின் ஹாஷ் நேற்றுத்தான் முதன்முதலாகக் காணப்பட்டது என்றால், அது அந்தப் பழைய பைலாக இருக்க வாய்ப்புக் குறைவு. மறுபக்கம், இரண்டு வருடமாக அறியப்பட்ட ஹாஷ், பல தரம் பார்க்கப்பட்டும் சுத்தமாக இருந்தது, இந்த வாரம்தான் ஒருவர் மட்டும் சிவப்புக் காட்டுகிறார் என்றால் தவறான எச்சரிக்கையின் முகம் அது. பழைய முடிவு காட்டினால் 'ரீஅனலைஸ்' அழுத்துங்கள்.

பூச்சியம் சிவப்பு என்பதும் முழுச் சான்று அல்ல. இன்று காலை செய்த கெட்ட பைலை இன்று மத்தியானம் யாரும் அறியாமல் இருக்கலாம்.

8. அப்டேற் செய்து, மீட்டு, விலக்கைச் சுருக்கிக் கொடுங்கள்

மேலே எல்லாம் சரிவந்தால்தான் இந்தப் படி.

முதலில் அன்ரிவைரஸின் வரைவிலக்கணங்களை (வைரஸ்களை அடையாளம் காண அது வைத்திருக்கும் பட்டியலை) அப்டேற் செய்யுங்கள். 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் அப்டேற்ஸ்' கீழே 'செக் ஃபோர் அப்டேற்ஸ்'. விண்டோஸ் அப்டேற்றை நிறுத்தி வைத்திருக்கும் கணினிகளில் இதுவும் பழையதாகக் கிடக்கும். 2022 செப்டெம்பரில் டிபெண்டர் குரோமையும் அதே அடிப்படையில் செய்யப்பட்ட வேறு புரோகிராம்களையும் 'ஹைவ்.ஸீவை' என்ற பெயரில் எச்சரித்துத் தள்ளியது. திருத்திய வரைவிலக்கணம் வந்ததும் எச்சரிக்கை நின்றது. விலக்குக் கொடுத்தவர்களுக்கு அந்த விலக்கு மிச்சம். அவசரமில்லை என்றால் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஒன்றும் செய்யாமலே தீர்வது அதிகம்.

அப்டேற்றுக்கு முன் 'ரிஸ்டோர்' அழுத்தினால், மீண்டு வந்த பைலை டிபெண்டர் மறுபடி தூக்கும். ரிஸ்டோர், தூக்கல், ரிஸ்டோர் என்று சுற்றுகிறவர்கள் இந்த வரிசையைத்தான் தவறவிடுகிறார்கள்.

மீட்ட பைலிலும், புதிய பைலில் பார்த்த அதே ஹாஷ் வருகிறதா என்று பாருங்கள். பதிப்பு வேறு என்றாலும், மீட்டது இன்ஸ்டோலர் அல்ல என்றாலும், ஹாஷ் வேறாகத்தான் இருக்கும். அப்படியானால் பழையதை மறந்துவிட்டுப் புதியதையே ஏற்றுங்கள்.

அப்டேற்றுக்குப் பிறகும் பிடித்தால் மட்டும் விலக்கு. 'மனேஜ் செட்டிங்ஸ்' உள்ளே கடைசியில் 'எக்ஸ்குளூஷன்ஸ்'. நான்கு வகை கேட்கும்: பைல், போல்டர், பைல் வகை, புரொசெஸ். இதில் 'பைல்' என்பதைத் தெரிவு செய்து அந்த ஒரு பைலை மட்டும் கொடுங்கள். குறுகிய விலக்கு கொஞ்சம் தொந்தரவு. புரோகிராம் புதுப்பிக்கப்படும்போது சில வேளை திரும்பக் கொடுக்க வேண்டி வரும். பரவாயில்லை.

டவுன்லோட்ஸ் போல்டரையோ டி ட்ரைவையோ முழுதாக விலக்கியிருக்கும் கணினிகள் எத்தனையோ உண்டு. வரும் கெடுதல் எல்லாம் முதலில் இறங்கும் இடமே அதுதான். புரோகிராம்களுக்குரிய '.எக்ஸ்இ' என்ற பைல் வகையை விலக்குவது இன்னும் மோசம், அன்ரிவைரஸே இல்லை என்று ஆகிவிடும்.

'புரொசெஸ்' விலக்குப் பலரை ஏமாற்றும். அந்தப் புரோகிராம் திறக்கிற பைல்களை ஸ்கான் செய்யாதே என்பதுதான் அதன் பொருள். புரோகிராமின் பைலையே அது காப்பாற்றாது. ஆகவே நீங்கள் நினைத்தது நடக்காது, நினைக்காத ஓட்டை ஒன்று திறக்கும்.

ஹிஸ்டரியில் வரும் 'அலவ் ஒன் டிவைஸ்' எனக்குப் பிடிப்பதில்லை. 'அலவ்ட் த்ரெட்ஸ்' பட்டியலில் நிற்பது வைரஸின் பெயர். ஆறு மாதம் கழித்து அந்தப் பட்டியலைத் திறப்பவருக்கு, எந்தப் புரோகிராமுக்காக யார் அதைக் கொடுத்தார் என்று ஒரு துப்பும் கிடைக்காது.

ரியல்-ரைம் காவலை நிறுத்திவிட்டு ஏற்றுவது ஒரு வழியே அல்ல. மறுபடி ஓனானதும் அதே பைலை அது பிடிக்கும். இடையில் வேறு எது ஏறியது என்று உங்களுக்கும் தெரியாது.

9. தொற்று உண்மை என்றால்

இன்ரநெற் வயரைக் கழற்றுங்கள் அல்லது வைஃபையை நிறுத்துங்கள். பென்ட்ரைவ் எதையும் செருகாதீர்கள். செருகியிருந்தவற்றை ஒரு பக்கம் எடுத்து வையுங்கள், அவையும் பார்க்கப்பட வேண்டியவை.

பிறகு 'ஸ்கான் ஒப்ஷன்ஸ்' உள்ளே 'மைக்ரோசொப்ட் டிபெண்டர் ஒஃப்லைன் ஸ்கான்'. திறந்திருக்கும் வேலைகளைச் சேமியுங்கள், கணினி உடனே மீளத் தொடங்கும். விண்டோஸ் ஓடாத நிலையில் ஸ்கான் நடப்பதால், ஓடிக்கொண்டே ஒளியும் கெடுதலுக்கு இடமிருக்காது. சுமார் 15 நிமிடம் எடுக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கூடவும் ஆகலாம். யூபிஎஸ் இல்லாத கணினியில், கரன்ட் போய்ப் போய் வரும் நாளில் இதைத் தொடங்காதீர்கள்.

பைலுக்குள் செருகிக்கொள்ளும் வகை என்றால், அன்ரிவைரஸ் 'கிளீன்' செய்த புரோகிராம்களை நம்பாதீர்கள்; நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். தொற்று நிறையப் பரவியிருந்தால் விண்டோஸையே புதிதாகப் போடுவது விரைவு. டொகியூமென்ட்களையும் படங்களையும் எடுங்கள், '.எக்ஸ்இ' பைல் ஒன்றையும் எடுக்காதீர்கள். 'செட்டப்கள்' என்று பெயரிட்டுப் பல வருடமாகச் சேர்த்த போல்டரை விட்டுவர மனம் வராது. தொற்று திரும்பி வருவது பெரும்பாலும் அந்தப் போல்டரால்தான்.

அந்தக் கணினியில் அடித்த மின்னஞ்சல், பாங்க், முகநூல் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதே கணினியிலிருந்து மாற்றினால் புதியதும் போகும். கணக்கு ஏற்கெனவே களவு போயிருந்தால் சிறீலங்கா சேர்ட் (கணினி அவசர உதவி) அமைப்பிடம் முறைப்பாடு செய்யலாம். பாங்க் என்றால் முதலில் பாங்குக்கு அழையுங்கள்.

10. தவறான எச்சரிக்கையை அறிவியுங்கள்

பெரும்பாலோர் செய்யாத படி. நீங்கள் அறிவிக்காவிட்டால் அந்தப் புரோகிராமைப் பாவிக்கும் எல்லோரும் இதே பத்துப் படியை ஏற வேண்டும்.

டிபெண்டருக்கு, மைக்ரோசொப்டின் பைல் சமர்ப்பிப்புப் பக்கத்தில் மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்ளே போய், பைலை ஏற்றி, தவறாகப் பிடிபட்டது என்ற தெரிவைப் போடுங்கள். வைரஸின் பெயரையும் வரைவிலக்கணப் பதிப்பு எண்ணையும் கேட்பார்கள்; 4ஆம் படியில் எடுத்த படம் இங்கே உதவும். மற்ற அன்ரிவைரஸ் கம்பனிகளும் இதற்கென்று பக்கமோ மின்னஞ்சலோ வைத்திருக்கின்றன. மின்னஞ்சலில் அனுப்பினால் பைலை ஸிப் செய்து கடவுச்சொல் போடுங்கள், இல்லாவிட்டால் வழியிலேயே மறிபடும்.

புரோகிராமைச் செய்தவருக்கும் எழுதுங்கள். "உங்கட சொப்ட்வெயார் வைரஸாம்" என்று ஒரு வரியில் எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பதிப்பு, ஹாஷ், எந்த அன்ரிவைரஸ், என்ன பெயர், வைரஸ்டோட்டல் இணைப்பு, இந்த ஐந்தும் போதும். செய்தவர் தானே சமர்ப்பித்தால் பலன் கூட.

விலக்குக் கொடுத்திருந்தால், கணினிக்குப் பக்கத்தில் உள்ள கொப்பியில் தேதி, பைல், காரணம் மூன்றையும் எழுதி வையுங்கள். "பார்த்தோம், திருத்திவிட்டோம்" என்று பதில் வந்ததும் அல்லது புரோகிராமின் அடுத்த பதிப்பை ஏற்றியதும் அந்த விலக்கை எடுத்துவிட்டு, பைலில் வலது கிளிக் செய்து ஸ்கான் கொடுங்கள். அன்ரிவைரஸ் பேசாமல் விட்டால் விலக்கு இனித் தேவையில்லை. மறுபடி பிடித்தால், பெயர் முன்பு வந்த அதே பெயரா என்று பாருங்கள்; வேறு பெயராக இருந்தால் 4ஆம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.